தொங்கு சபை ஏன் ஒவ்வொரு டிசம்பரிலும் தடுக்கி விழுகிறது?

யாழ்ப்பாணம் மாநகர சபையில் 45 கதிரைகள், பெரும்பான்மைக்கு 23 வேண்டும். 2018 பெப்ரவரி 10 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, சைக்கிள் சின்னத்தில் வந்த தமிழ்த் தேசிய மக்கள் முன்னணிக்கு 13, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு (ஈபிடிபி) 10, மிச்சம் ஆறும் மற்றக் கட்சிகளுக்கு. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத தொங்கு சபை. மாநகர முதல்வராக (மேயராக) வந்த இம்மானுவேல் ஆர்னோல்ட் கொண்டுவந்த 2021 ஆம் ஆண்டுப் பாதீடு (வரவு செலவுத் திட்டம்) இரண்டு தரம் தோற்றது, அவருடைய பதவியும் போனது. 2020 டிசம்பர் 30 இல் 21க்கு 20 என்று ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் வி. மணிவண்ணன் முதல்வரானார். இரண்டு வருடம் கழித்து அவரும் பாதீட்டுச் சிக்கலிலேயே விலகினார். 2023 இல் ஆர்னோல்ட் திரும்பி வந்தார், அவருடைய பாதீடும் நிறைவேறவில்லை. அந்த மார்ச் மாதத்தோடு சபையின் காலமே முடிந்துவிட்டது.

2025 மே 6 தேர்தலிலும் எந்தக் கட்சிக்கும் 23 கிடைக்கவில்லை. 117 பேர் கொண்ட கொழும்பு மாநகர சபைக்கும் அதே நிலைதான். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வரும் இந்த முறை இருக்கும்வரை தொங்கு சபைகள் வந்துகொண்டேயிருக்கும். சனம் அப்படி வாக்களித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரும்பான்மை உள்ள சபையை நடத்துகிற மாதிரியே இல்லாத சபையையும் நடத்தப் பார்க்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

முதல் தவறு பதவியேற்கிற அன்றே நடந்துவிடுகிறது. முதல்வர் தெரிவில் விழுந்த வாக்குகளை நான்கு வருடத்துக்கும் எழுதித் தந்த ஆதரவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவரை வரவிடாமல் தடுக்க இன்னொருவருக்கு வாக்குப் போட்ட உறுப்பினர், அவருடைய குப்பை முகாமைத்துவத் திட்டத்துக்கும் சேர்த்துக் கை உயர்த்துவார் என்று எப்படி நம்புவது? 2025 இல் கொழும்பு மேயர் தெரிவு இரகசிய வாக்கெடுப்பாக நடந்து 61க்கு 54 என்று முடிந்தது. அப்படியான வாக்கெடுப்பில் தனக்கு யார் யார் வாக்களித்தார்கள் என்பதே வென்றவருக்கு உறுதியாகத் தெரியாது. ஆதரவு தருகிற கட்சிகளோடு ஒரேயொரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்: முதல் வருடத்தில் செய்யப்போகும் ஐந்து வேலை, அவற்றுக்குக் காசு எங்கிருந்து, எந்தெந்த விடயத்தில் அவரவர் தங்கள் வழியில் வாக்களிக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். கருத்து வேறுபடுகிற இடத்தை முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் அந்த வேறுபாடு துரோகமாகப் பேசப்படாது.

பாதீட்டை எடுங்கள். ஜனவரி 1 இல் நிதியாண்டு தொடங்குகிறது, அதனால் நவம்பர், டிசம்பரில்தான் அது சபைக்கு வருகிறது. வடக்கில் அதே மாதங்களில்தான் மாரி மழையும் கொட்டுகிறது. ஒழுங்கைகளில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது, சனம் உறுப்பினரைத் தொலைபேசியில் திட்டித் தீர்க்கிறது, அந்தக் கோபத்தோடு அவர் சபைக்குள் வருகிறார். அவர் கையில் அன்றைக்கோ முதல் நாளோ கிடைத்த தடித்த பாதீட்டுப் புத்தகம். அதை வாசித்து முடிக்கவே நேரமில்லாதவருக்கு எதிர்த்து வாக்களிப்பதுதான் பாதுகாப்பான வழியாகத் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன். ஜூலையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். வீடு, வளவுகளுக்கான சோலை வரியாலும் கடை வாடகையாலும் என்ன வருகிறது, சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் எவ்வளவு போகிறது, புதிய வேலைக்கு உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு என்று இரண்டே தாளில் எல்லாக் கட்சிக்கும் கொடுங்கள். மிஞ்சுகிற தொகை எவ்வளவு சிறியது என்று தெரிந்த பிறகு பேச்சின் தொனியே மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது ஒன்று உண்டு. வாக்குகளைச் சேர்க்க வேண்டும் என்பதற்காக, இருக்கிற காசை உறுப்பினருக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிடுவது. பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கும். நான் அடிக்கடி போய்ப் பார்வையாளர் பகுதியில் இருக்கும் ஒரு சபையில் (பெயர் வேண்டாம்) ஒரு வெள்ள வாய்க்கால் மூன்று வட்டாரங்களைக் கடந்து போகிறது. மேல் வட்டார உறுப்பினர் தன் பங்கில் கொஞ்சத் தூரத்துக்குக் கொங்கிறீற் போட்டு மூடியும் போட்டார். கீழ் வட்டாரக்காரர் தன் பகுதியை அகலமாக வெட்டினார். நடு வட்டார உறுப்பினர் தன் பங்கைத் தெருவிளக்குக்குக் கொடுத்துவிட்டார். அங்கே அதுதான் அவசரம், அவரிலும் பிழை சொல்ல முடியாது. அந்த நடுப்பகுதியில் ஒரு பழைய மதகு. பொலித்தீன் பைகளும் தென்னம்பாளைகளும் அடைத்து, உள்ளே ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. அடுத்த மழைக்கு மேலிருந்து வேகமாக வந்த தண்ணீர் அந்த மதகில் முட்டி, பக்கத்து வளவுக் கிணற்றுக் கட்டைத் தாண்டி உள்ளே போனது. மூன்று உறுப்பினரும் தங்கள் பங்கைச் செலவழித்திருந்தார்கள், அந்த வீட்டுக்காரர் மட்டும் வாளியால் கிணறு இறைத்துக்கொண்டு நின்றார்.

பட்டியலில் வந்த உறுப்பினருக்கு வட்டாரமே இல்லை. அவருக்கும் ஒரு பங்கு என்றவுடன் அது யாருடைய வட்டாரத்துக்குள் போகிறது என்று புதுச் சண்டை தொடங்கும். வாய்க்கால், குப்பை, பிரதான வீதி என்று வட்டார எல்லையில் நிற்காத வேலைகளுக்கு முதலில் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டின்படி எந்த இடம் முதலில் என்று வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசையையும் எல்லோரும் பார்க்கும்படி சபை வாசலில் ஒட்டிவிடுங்கள். பங்குபோடுவது அதற்குப் பிறகு, சிறிய வேலைகளுக்கு மட்டும்.

நிலையியற் குழுக்களை ஒரு பக்கத்தாராலேயே நிரப்புவதும் வேண்டாம். நிதிக் குழுவில் எதிர்த்தரப்பு உறுப்பினர் இருந்து கணக்கைப் பார்த்திருந்தால், பொதுக்கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விகளில் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும்.

அதிகாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து 2025 தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் ஆணையாளர்களும் செயலாளர்களும்தான் சபைகளை நடத்தினார்கள். திரும்பி வந்த உறுப்பினர்கள் சிலர் அதிகாரிகளை எதிரியாகப் பார்க்கிறார்கள், வேறு சிலர் அவர்களைத் தங்கள் கட்சிக்கு ஆள் சேர்க்கப் பார்க்கிறார்கள். இரண்டும் கெடுதல்தான். ஒரு விடயம் விவாதத்துக்கு வருமுன் செலவு எவ்வளவு, சட்டம் என்ன சொல்கிறது, செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்ற மூன்றுக்கும் அதிகாரி எல்லாக் கட்சிக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் பதில் கொடுக்கட்டும்.

மாதாந்தக் கூட்டத்தின் ஒழுங்கும் கெட்டுக் கிடக்கிறது. காலையில் முதல் ஒரு மணித்தியாலம் போன மாதக் கூட்டறிக்கையைப் பற்றிய வாக்குவாதம். பிறகு தேசிய அரசியல் பிரேரணை ஒன்று. அவை முக்கியமானவை, எங்கள் சனத்தின் குரல் அவை, பேசத்தான் வேண்டும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிக் கதிரை காலியான நேரத்தில்தான் மீன்சந்தைக் கழிவுநீர் வருகிறது. எல்லோரும் உடன்படும் சேவை விடயங்களை முதல் அரை மணியில் ஒன்றாக நிறைவேற்றிவிட்டு, ஒதுக்கீடு வேண்டியவற்றை அடுத்துப் பேசி, அரசியல் பிரேரணைகளைப் பின்னேரத்துக்கு வைத்தால் இரண்டுக்கும் உரிய மரியாதை கிடைக்கும்.

கூட்டறிக்கைச் சண்டை ஏன் வருகிறது என்று போன மாதம் அந்தச் சபையின் பழைய அறிக்கைகளை வாங்கிப் பார்த்தேன். அந்த மதகைப் பற்றி எழுதியிருந்தது இவ்வளவுதான்: “கவனத்தில் எடுக்கப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டது.” யார் எடுப்பது, எந்தச் செலவுத் தலைப்பில், எத்தனையாம் திகதிக்குள் என்று எதுவும் இல்லை. இந்த முறை ஓர் எதிர்த்தரப்பு உறுப்பினர் எழும்பி, அந்த வசனத்தைத் திருத்தி எழுதக் கேட்டார். தவிசாளர் சம்மதித்தார். மதகின் இடம், வேலைப்பகுதிப் பொறுப்பாளரின் பதவி, தொகை, செப்டெம்பர் 15 என்ற திகதி எல்லாம் அதில் இப்போது இருக்கிறது. அதற்கு ஒருவர்கூட வாக்கெடுப்புக் கேட்கவில்லை.