உதவாமல் உடனிருந்து பாருங்கள்

நீங்கள் உருவாக்கிய செயலியை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, செய்து முடிக்க வேண்டிய வேலையை மட்டும் சொல்லிவிட்டு, எங்கே அழுத்துவது என்று வாய் திறக்காமல் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். பயனரின் சிரமத்தை இதைவிட விரைவாக உணர்த்தும் வழி வேறில்லை என்றே நம்புகிறேன். ஓடிபி எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்தியைத் திறந்துவிட்டுத் திரும்பியவர், அதுவரை நிரப்பிய படிவம் காலியாகக் கிடப்பதைக் கண்டு, தாம்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்குவார். பிழை நம் நிரலில் இருக்க, பழியை அவர் சுமக்கிறார். 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று, செயலிகளும் தளங்களும் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்பதை ஆராயும் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதினார். எழுத்தளவைப் பெரிதாக்கிய பழைய கைபேசியிலும் ஒருமுறை பாருங்கள். சமர்ப்பிக்கும் பொத்தானே திரைக்கு வெளியே போய்விடுவதுண்டு.