கோடு போட்ட இடத்தில் வண்டிலை விடாதீர்கள்

வயதான அம்மாவையோ அப்பாவையோ கனடாவுக்கு, இங்கே ஸ்காபரோவுக்குக் கூப்பிடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். சக்கர நாற்காலி தேவைப்படுமென்றால், நாற்காலிப் படம் போட்ட இடத்தில் காரை விடுவதற்கான பார்க்கிங் பெர்மிட்டுக்குத் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். டாக்டர் படிவத்தை நிரப்பித் தருவார், சர்வீஸ் ஒன்ராறியோ என்கிற மாகாண அரசாங்கக் கந்தோரில் கொடுத்தால் சரி, காசில்லை. பெர்மிட் ஆளுக்குத்தான், காருக்கல்ல. அம்மா வீட்டிலிருக்க அதை வைத்துக்கொண்டு நீங்கள் பால் வாங்கப் போனால் தண்டம் 300 முதல் 5,000 டொலர் வரை.

இனிக் கடைக்கு வருவோம். ஊரில் கடைப் பொடியன் சாமானைச் சைக்கிள் கரியரில் கட்டியே விடுவான். இங்கே சாமான் போட்டுத் தள்ளுகிற வண்டிலை எடுப்பதும் நாங்கள், திருப்பி விடுவதும் நாங்கள். சில கடைகளில் ஒரு டொலர் குற்றியோ 25 சதமோ போட்டால்தான் வண்டில் கழரும். அந்தக் காசுக்காகவாவது திருப்பிக் கொண்டுபோய்க் கொழுவுவோம். காசு கேட்காத கடைகளில்தான் வினை.

சக்கர நாற்காலிப் படம் போட்ட பார்க்கிங்குக்குப் பக்கத்தில் சாய்கோடு கீறிய ஒரு துண்டு இடம் இருக்கும். வந்த புதிதில் அது சும்மா கிடக்கிற இடமென்று நினைத்து நானே வண்டிலைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறேன். உண்மையில் அது காரின் கதவை அகலத் திறந்து நாற்காலியைக் காரோடு ஒட்டி வைக்கிற இடம். ஒன்ராறியோ விதிப்படி ஒன்றரை மீற்றர் அகலம். ஒரு வண்டில் நின்றாலே காரியம் கெட்டது.

பிறகு அம்மா வந்தார். ஒரு தை மாதச் சனிக்கிழமை மரக்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், எங்கள் கார்க் கதவோடு மூன்று வண்டில்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. சில்லுகள் பனியில் உறைந்து போயிருந்தன. இழுத்தேன், அசையவில்லை. காரைப் பின்னுக்கு எடுப்பதற்காக அம்மாவைப் பாதையோரம் பிரேக் போட்டு விட்டேன். பிரேக் சில்லைப் பிடிக்கும், ஐஸைப் பிடிக்குமா? நாற்காலி மெல்ல வழுக்குகிறது. அம்மா மடியிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை விடாமல் பிடித்தபடி என்னையே பார்க்கிறார். யாரோ ஒரு பெண் ஓடிவந்து பிடித்தார்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் பங்குனி முடியும்வரை அம்மா கடைப்பக்கம் வரவில்லை. "நீயே வாங்கிக்கொண்டு வா மோனை" என்றார். எனக்கு வெண்டிக்காய் முற்றலா பிஞ்சா என்று பார்க்கத் தெரியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

புதுக் கடையென்றால் முதலில் தனியே போய் வாசலைப் பாருங்கள். வண்டில் வெளியே போகாமலிருக்கக் கம்பி நட்டிருந்தால் நாற்காலியும் போகாது. பக்கத்தில் வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நாற்காலியையும் வண்டிலையும் ஒரே ஆள் தள்ள முடியாது. நாற்காலியோடு கொழுவுகிற வண்டில் சில கடைகளில் உண்டு, இல்லாவிட்டால் மடியில் கூடைதான். கதவு திறக்கும் பொத்தானை வண்டில்கள் மறைத்து நின்றால் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். இங்கிலிஷ் வராதென்று வெளியே நிற்கவேண்டாம், கையைக் காட்டினாலே விளங்கும். அம்மா அப்படித்தான் காட்டுகிறார், இப்போதெல்லாம் கொஞ்சம் அதட்டலாகவே.