தனியாகப் பதிப்பிக்கும் த்ரில்லர் எழுத்தாளர் திரை வரை போவது எப்படி? தொடக்கநிலைச் செய்முறை

பதிப்பகம் எதுவும் பின்னால் இல்லாமல், கைக்காசைப் போட்டு த்ரில்லர் நாவல் வெளியிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் நாவல் முடிந்த கையோடு பலரும் கேட்பது, "எந்த டைரக்டரைப் போய்ப் பார்க்கலாம்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். அதற்கு முன் இரண்டு விஷயங்கள் உங்களிடம் இருக்க வேண்டும்: படித்துவிட்டு நாலு பேரிடம் பேசுகிற வாசகர்கள், கதை உங்களுடையதுதான் என்று சொல்லும் காகிதங்கள். இவை இல்லாமல் வாய்வழியாகக் கதை சொல்லிக்கொண்டு அலைவது உங்களுக்குத்தான் ஆபத்து.

பெரிய பெயர் இல்லாதவர்களின் எழுத்து திரைக்குப் போவது நடக்காத காரியம் இல்லை. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், போலீஸ் காவலில் தான் பட்ட சித்திரவதையை 'லாக்கப்' என்று எழுதினார். அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. பிறகு இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையும் ஆனது. அமெரிக்காவில் ஹியூ ஹோவி 2011-இல் 'வுல்' என்ற குறுங்கதையைத் தானே மின்நூலாகப் போட்டார். வாசகர்கள் மேலும் கேட்கக் கேட்க எழுதி நாவலாக்கினார். மறுவருடமே ஹாலிவுட் உரிமை கேட்டு வந்தது. ஆனால் அது 'சைலோ' என்ற தொடராக ஆப்பிள் டிவியில் வந்தது 2023-இல்தான். நடுவில் 11 வருடம்! இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: பிரதியைத் தயார் செய்யுங்கள்

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் மாற்றிக்கொண்டு, ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறியிருக்கும். த்ரில்லரில் வாசகர் ஒரு நொடி தடுக்கினாலும் வேகம் போய்விடும். அதனால் மெய்ப்புப் பார்க்கிறவருக்குக் கொடுக்கும் காசில் கஞ்சத்தனம் வேண்டாம். அட்டைப்படத்தை ஃபோனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க முடியவில்லை என்றால் மாற்றுங்கள்.

படி 2: வெளியிடும் முன்பே காகிதம்

எழுதி முடித்த நொடியிலேயே காப்புரிமை உங்களுடையது. பதிவு செய்யச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்றிதழ் முதல்நிலைச் சாட்சியாக நிற்கும். டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் ஒரு டைரி எண் வரும். யாராவது ஆட்சேபித்தால் தெரிவிக்க 30 நாள் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் பரிசீலனை. சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆகலாம் என்பதால் இப்போதே போட்டுவிடுங்கள்.

அச்சுப் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்) வேண்டும். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். இதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கதைச்சுருக்கத்தைத் தனியாக எழுதிச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் இருக்கிறது. மும்பை திரைக்கதையாசிரியர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால் ஆன்லைனில் பதியலாம்.

சங்கப் பதிவால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2018-இல் நடந்த 'சர்கார்' விவகாரம்தான் பதில். வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர் 2007-லேயே 'செங்கோல்' என்ற கதையைச் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். படம் வரப்போகும் நேரத்தில் அவர் புகார் கொடுக்க, இரண்டின் கருவும் ஒன்றாக இருக்கிறது என்று அன்றைய சங்கத் தலைவர் கே. பாக்யராஜ் சொன்னார். இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸ் கதை தன்னுடையதே என்று மறுத்தார். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. படத்தில் வருணின் பெயரைப் போட ஒப்புக்கொண்டார்கள். 11 வருடத்துக்கு முந்தைய பதிவு இல்லையென்றால் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "ரயிலில் ஒரு கொலை" என்பது எல்லோருக்கும் பொது. அந்தக் கொலையை நீங்கள் எப்படி நடத்தினீர்கள், யார் எப்போது எதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்கிற வெளிப்பாடுதான் உங்கள் சொத்து. அதனால் பதிவு செய்யும் சுருக்கத்தில் திருப்பங்களையும் முடிவையும் விரிவாக எழுதுங்கள். அரைப்பக்கக் கருவை மட்டும் பதிந்து வைப்பது பெரிய பாதுகாப்பு இல்லை.

படி 3: வெளியிடுங்கள்

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்நூல் போடக் காசு வேண்டாம். பான் அட்டையும் வங்கிக் கணக்கும் போதும். ஒரு முடிவை மட்டும் யோசித்து எடுங்கள். கிண்டிலில் நூல் வெளியிடும் தளமான கேடிபியின் 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால், தகுதியான விலையில் இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் ராயல்டி; சேராவிட்டால் 35. சேர்ந்தால், சந்தா கட்டிப் படிக்கும் 'கிண்டில் அன்லிமிடெட்' வாசகர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் வரும். ஆனால் 90 நாள் அந்த மின்நூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி போன்ற தொடர்கதைத் தளத்தில் போட்ட கதையை அங்கே அப்படியே வைத்துக்கொண்டு இதில் சேர்க்க முடியாது.

என் யோசனை: முதல் நாவல் என்றால் முதலில் தொடராகப் போடுங்கள். எந்த அத்தியாயத்தில் வாசிப்பு எண்ணிக்கை சட்டென்று விழுகிறது என்று பாருங்கள். கதை தொய்கிற இடம் பெரும்பாலும் அதுதான். திருத்திவிட்டு, தொடரை எடுத்துவிட்டு, கிண்டிலுக்குப் போங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வெயர் 'தி மார்ஷியன்' நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். கதையில் வரும் அறிவியல் கணக்கு தப்பினால் வாசகர்களே திருத்தினார்கள். கிண்டிலில் வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தான். 99 சென்ட்டுக்குப் போட்ட அந்த நூல் 2015-இல் படமானது.

தொடர் தளங்களிலோ போட்டிகளிலோ சேரும் முன் விதிமுறைகளை முழுதாகப் படியுங்கள். "திரை, ஒலி வடிவ உரிமைகள்" என்று ஏதாவது வரி இருந்தால் நின்று யோசியுங்கள். பின்னால் தயாரிப்பாளர் வரும்போது அந்த வரி முன்னால் வந்து நிற்கும்.

படி 4: வாசகரைத் தேடுங்கள்

இது மெதுவாக நடக்கும் வேலை. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு, யூடியூபில் புத்தகம் பேசுகிறவர்களுக்குப் பிரதி அனுப்புங்கள். நல்லபடியாக எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா. தனியாக ஸ்டால் எடுப்பது சிரமம். ஏற்கெனவே ஸ்டால் போடும் சிறு பதிப்பாளரிடம் பேசி விற்பனைக்கு வையுங்கள். அச்சுக்குத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையே போதும், ஆயிரம் பிரதி அடித்து வீட்டில் அடுக்க வேண்டாம்.

கிண்டில் விமர்சனங்கள், புத்தகம் பற்றி வந்த பதிவுகள், வாசகர் கடிதங்கள் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இரண்டாவது நாவலையும் தொடங்கிவிடுங்கள். க்ரைம் கதை வாசகர் ஒரே எழுத்தாளரைத் தேடித் தேடிப் படிப்பவர். ராஜேஷ்குமாரின் மாத நாவல்களுக்குப் பெட்டிக்கடையில் காத்திருந்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய நாவல் ஒன்று 2017-இல் 'குற்றம் 23' ஆனபோது, அந்தப் பெயரை நம்பிப் படிக்க ஒரு கூட்டமே ஏற்கெனவே இருந்தது.

படி 5: ஒன்லைன், சுருக்கம்

நாவலை அப்படியே கொடுத்தால் சினிமாக்காரர்கள் படிக்க நேரம் இருக்காது. மூன்று காகிதங்கள் தயார் செய்யுங்கள்: ஒன்லைன் (கதையை ஒரே வாக்கியத்தில் சொல்வது), முடிவு உட்பட ஒரு பக்கச் சுருக்கம், முக்கியப் பாத்திரங்கள் பற்றி ஒரு பக்கம். இதில் ஒன்லைன்தான் கடினம். ஓர் உதாரணம் பார்க்கலாம்.

"ஒரு சாதாரணப் பெண், ஒரு மர்மப் பெட்டி, எதிர்பாராத திருப்பங்கள்."

இதில் கதையே இல்லை. எந்த நாவலுக்கும் பொருந்தும். இதையே இப்படி எழுதலாம்:

"திருச்சி ஜங்ஷன் க்ளோக் ரூமில் இரவு ஷிப்ட் பார்க்கும் விதவை ஒருத்தி, யாரும் திரும்ப வாங்க வராத பெட்டியில் தன் காணாமல் போன தம்பியின் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், விடிந்ததும் ரயில்வே போலீஸ் அந்தப் பெட்டியை எடுத்துப்போவதற்குள் அதை வைத்தவனைக் கண்டுபிடித்தாக வேண்டும்."

ஆள் யார், இடம் எது, அவளுக்கு ஏன் முக்கியம், நேரம் எவ்வளவு என்று நாலும் வந்துவிட்டன. கூடவே, ஒரே ஸ்டேஷனில் ஒரே இரவில் எடுத்துவிடலாம் என்பது தயாரிப்பாளருக்கு உடனே புரியும். பட்ஜெட் அவர் மனதில் ஓடாமல் இருக்காது. சுருக்கத்தில் முடிவை மறைக்கவே மறைக்காதீர்கள்; சஸ்பென்ஸ் வாசகருக்கு, வாங்குகிறவருக்கு அல்ல.

மும்பை வரை போக எண்ணம் இருந்தால் சுருக்கத்தையும் முதல் இருபது பக்கங்களையும் நல்ல ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள்.

படி 6: யாரிடம் கொண்டுபோவது

பெரிய ஹீரோவின் அலுவலக வாசலில் நிற்க வேண்டாம். உதவி இயக்குநர்களைத் தேடுங்கள். முதல் படத்துக்குக் கதை தேடுகிறவர்களும் அவர்களே, டைரக்டருக்காகப் புத்தகம் படித்துச் சொல்கிறவர்களும் அவர்களே. அடுத்து, சின்ன, நடுத்தரத் தயாரிப்பு நிறுவனங்கள். நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளத்துக்கு நேரடியாக மெயில் போட்டால் பார்க்க மாட்டார்கள். ஏஜென்ட் அல்லது அவர்களோடு ஏற்கெனவே வேலை செய்யும் தயாரிப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். புத்தகத்தையும் தயாரிப்பாளரையும் சந்திக்க வைக்கும் நிகழ்வுகளும் உண்டு: மும்பையின் மாமி திரைப்பட விழா 2016-இல் 'வேர்ட் டு ஸ்க்ரீன்' தொடங்கியது, கோவாவில் என்எஃப்டிசி (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) நடத்தும் ஃபிலிம் பஜாரில் 2022-இல் 'புக்ஸ் டு பாக்ஸ் ஆஃபீஸ்' வந்தது. அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

நேரில் கதை சொன்னால், அன்று மாலையே ஒரு மெயில் போடுங்கள்: "இன்று உங்கள் அலுவலகத்தில் என் இன்ன நாவலின் கதையைச் சொன்னேன், சுருக்கம் இணைத்துள்ளேன், நன்றி." மரியாதையான நாலு வரி, ஆனால் தேதியும் பெயரும் பதிவாகிவிடும். கதையைப் படமாக்க உங்களிடமே பணம் கேட்கிறவர் வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படி 7: கையெழுத்துக்கு முன்

சரி, ஒருவர் கேட்டு வந்துவிட்டார். இங்கேதான் நிறையப் பேர் சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

முதலில் ஆப்ஷன். முழு உரிமையையும் உடனே விற்காமல், 12 அல்லது 18 மாதத்துக்குள் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை மட்டும் ஒரு முன்பணத்துக்குக் கொடுப்பது. வாசகம் இந்த மாதிரி இருக்கலாம்:

"தயாரிப்பாளர் இந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முழுத் தொகையைச் செலுத்தித் திரை உரிமையை வாங்காவிட்டால் ஆப்ஷன் தானாக முடிவடையும். முன்பணத்தை எழுத்தாளர் திருப்பித் தர வேண்டியதில்லை."

முழுத் தொகை எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். "பிறகு பேசிக்கொள்ளலாம்" வேண்டாம்.

உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எழுத்தாளருக்குச் சாதகமானது: காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். அதன் 4-ஆம் உட்பிரிவுப்படி, வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை. அந்தக் கடைசி வார்த்தைகள்தான் முக்கியம். "பிரிவு 19(4) பொருந்தாது" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது தயாரிப்புத் தரப்பின் வழக்கம். அதை எடுக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் "3 வருடத்துக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை திரும்பும்" என்றாவது போடச் சொல்லுங்கள்.

தொடர் துப்பறிவாளரை வைத்து எழுதுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை. "இந்தக் கதையும் பாத்திரங்களும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், உங்கள் இன்ஸ்பெக்டரை வைத்து அடுத்த நாவலை நீங்களே எழுத முடியுமா என்ற சந்தேகம் வந்துவிடும். இந்த ஒரு நாவலின் திரை உரிமை மட்டும், பாத்திரத்தை வைத்துப் புத்தகம் எழுதும் உரிமை எழுத்தாளருக்கே என்று தெளிவாக எழுதுங்கள். அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளையும் தனியாகப் பெயர் சொல்லி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஹோவி அச்சு உரிமையைப் பெரிய பதிப்பகத்துக்குக் கொடுத்தபோது மின்நூல் உரிமையைத் தானே வைத்துக்கொண்டார். அப்படிக் கேட்கும் தைரியம் அவருக்கு விற்பனையிலிருந்து வந்தது.

டைட்டில் கார்டு வாசகத்தை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: "மூலக்கதை" என்று உங்கள் பெயர், நாவலின் பெயர், ஓடிடி பதிப்பிலும் ரீமேக்கிலும் அதே மாதிரி. திரைக்கதையில் பங்கு கேட்டால் அதற்குத் தனிச் சம்பளம், தனி வரி. கையெழுத்துக்கு முன் காப்புரிமை தெரிந்த வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். ஆப்ஷன் பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போனாலும் பரவாயில்லை.

ஆப்ஷன் காலம் முடிந்தும் படம் தொடங்கவில்லை என்றால் வருத்தப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். உரிமை திரும்பிவிட்டது என்று அவர்களிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். அடுத்து வரும் தயாரிப்பாளரின் வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான். கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, ஒன்லைனை மறுபடி ஒருமுறை திருத்தி அடுத்தவருக்கு அனுப்புங்கள்.