அமெரிக்காவில் துப்பாக்கியைத் தொடும் முன்: நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கா போன புதிதில் நம் பிள்ளைகள் பலர் வார இறுதியில் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அடையாள அட்டையைக் காட்டிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வாடகைத் துப்பாக்கி கைக்கு வந்துவிடுகிறது. விசாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் தடை இல்லை என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு.

எஃப்-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அந்நாட்டு மத்திய சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. ரேஞ்சில் சிறிது நேரம் கையில் பிடிப்பதும் இதில் அடங்கும். விதிவிலக்குகள் சில உண்டு. நம்மவர்களுக்கு எட்டக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

அரபு எமிரேட்ஸிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவரைக் கல்லூரி நீக்கியது. விசா தகுதியும் போனது. அதன் பிறகு ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் அந்தப் பையன் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, ஊரில் கலெக்டர் உரிமம் தருவதுபோல அங்கே ஏ.டி.எஃப். தரும் என்ற எண்ணம். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள்களுக்கான இந்தப் பணியகம் 2003 முதல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. உரிமம் தருவது வியாபாரிகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்தான். அவர்கள் கணக்கைச் சோதிப்பதும் அதன் வேலை. வாங்குபவரின் பின்னணிச் சோதனையை நடத்துவது எஃப்.பி.ஐ., சில மாநிலங்களில் மாநில அரசே.

சாதாரணத் துப்பாக்கிகளின் உரிமையாளர் பட்டியலும் ஏ.டி.எஃப். கையில் கிடையாது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஒரு பதிவேட்டைத் தடுக்கிறது. குற்றத்தில் ஒரு துப்பாக்கி சிக்கினால் அதன் வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொரு கட்டமாக விசாரித்துத்தான் முதலில் வாங்கியவரைக் கண்டுபிடிக்கிறார்கள். மூடிய கடைகளின் காகிதங்கள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் குவிந்திருக்கின்றன.

அந்தக் காகிதங்களில் முக்கியமானது, கடையில் வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம். 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்று அதில் ஒரு கேள்வி உண்டு. வர்ஜீனியாவில் ஒரு முன்னாள் போலீஸ்காரர், போலீஸ்காரர்களுக்கான தள்ளுபடி கிடைக்கும் என்று மாமாவின் பணத்தில் அவருக்காகக் கைத்துப்பாக்கி வாங்கி, 'ஆம்' என்று எழுதினார். மாமாவுக்கும் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. இருந்தும் அது குற்றம்தான் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொந்தப் பணத்தில் வாங்கி, தகுதியுள்ள ஒருவருக்குப் பரிசாகத் தருவது வேறு கதை. கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்வியிலும் இதே கவனம் வேண்டும்: மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்திய சட்டத்தில் விலக்கு இல்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

அப்புறம், வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பரிடம் நேரில் காசு கொடுத்துத் துப்பாக்கி வாங்கி வராதீர்கள். உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் அது கைமாற வேண்டும்.