இரவு ஊர்வலம், வாணவேடிக்கை: டிஸ்னி வேர்ல்டு கிறிஸ்துமஸைப் படம் எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ அருகே இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. அங்குள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில் நவம்பர் தொடங்கி கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு வரை, குறிப்பிட்ட இரவுகளில் மட்டும் 'மிக்கிஸ் வெரி மெரி கிறிஸ்துமஸ் பார்ட்டி' நடக்கும். அதற்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். இரவு 7 மணி முதல் 12 மணி வரை கொண்டாட்டம். ஊர்வலம் இரண்டு முறை வரும். வாணவேடிக்கை ஒரே முறைதான்.

கேமராவைப் புதிதாகக் கையில் எடுத்தவர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம், ஒரே செட்டிங்கை வைத்து இரண்டையும் எடுக்கப் பார்ப்பதுதான். ஊர்வலத்தில் ஆட்கள் ஆடிக்கொண்டே நகர்கிறார்கள், அசைவை நிறுத்திப் பிடிக்க வேண்டும். வாணத்திலோ தீப்பொறி ஓடும் பாதை முழுவதும் பதிய வேண்டும், அதனால் ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் கேமராவின் கதவு) திறந்தே வைக்க வேண்டும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எண்களை மாற்றுவதுதான்.

படி 1: பையில் என்ன இருக்க வேண்டும்?

ஊர்வலத்துக்கு அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை, எஃப் எண் குறைந்தால் துளை பெரிதாகும்) எஃப் 1.8 வரை திறக்கும் 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். விலையும் அதிகமில்லை. வாணவேடிக்கைக்கு கேமராவோடு வந்த 18-55 லென்ஸே நன்றாக வேலை செய்யும். ட்ரைபாட் (முக்காலி) கொண்டுபோகலாம், ஆனால் சாதாரண முதுகுப்பைக்குள் அடங்காத ட்ரைபாடுக்குப் பூங்காவில் அனுமதி இல்லை. செல்ஃபி ஸ்டிக் 2015 முதல் தடை. கூடுதல் பேட்டரி ஒன்று, லென்ஸ் துடைக்கும் துணி ஒன்று. அந்தத் துணியை மறக்கவே கூடாது, காரணம் கீழே வருகிறது.

படி 2: இடம் பிடிப்பது

நுழைவாயிலில் இருந்து சிண்ட்ரெல்லா கோட்டை வரை நேராகப் போகும் தெருதான் மெயின் ஸ்ட்ரீட். கோட்டையின் உயரம் 189 அடி. ஊர்வலம் வழக்கமாக ஃப்ரான்டியர்லேண்ட் பக்கம் தொடங்கி, லிபர்ட்டி ஸ்கொயர் வழியாகக் கோட்டை முன்னால் வந்து, மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கி முடியும். கடைகளின் விளக்குத் தோரணம் பின்னணியில் வேண்டுமென்றால் மெயின் ஸ்ட்ரீட். நெரிசல் குறைவாக வேண்டுமென்றால் ஃப்ரான்டியர்லேண்ட், ஆனால் அங்கே பின்னணி இருட்டாக இருக்கும்.

என் பரிந்துரை: முதல் ஊர்வலத்தில் ஒளி எப்படி விழுகிறது என்று மட்டும் பார்த்துச் சில படங்கள் எடுத்துப் பழகுங்கள். நடுவில் வாணவேடிக்கை. அது முடிந்ததும் சிறு குழந்தைகளோடு வந்த பல குடும்பங்கள் கிளம்பிவிடும். இரண்டாவது ஊர்வலத்துக்கு முன்வரிசை அவ்வளவு கஷ்டப்படாமல் கிடைக்கும், உங்கள் நல்ல படங்கள் அங்கேதான் அமையும். நேராக எதிரில் நிற்பதைவிட, ஊர்திகள் திரும்பும் வளைவில் நின்றால் ஊர்தியின் முகமும் பக்கவாட்டும் ஒரே ஃபிரேமில் வரும்.

படி 3: ஊர்வலம்

ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் போகாது. போகிற தூரத்திலும் ஊர்தியின் வண்ண விளக்குகள் தரும் அழகை வெளுக்கடித்துவிடும், ஆடுபவர்களின் கண்ணையும் கூசவைக்கும்.

மேனுவல் மோடில் அப்பர்ச்சர் எஃப் 2, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 6400 என்று வைத்துத் தொடங்குங்கள். படம் ரா (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) வடிவத்தில் பதியட்டும். ஃபோகஸ், ஓடுகிற பொருளைத் தொடரும் கன்டினியூவஸ் முறையில் இருக்க வேண்டும். கேனனில் அதன் பெயர் ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி.

சுற்றிலும் கறுப்பு வானம் இருப்பதால் கேமரா காட்சியே இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். விளக்குகளும் முகங்களும் வெள்ளையாக வெளுத்துப்போகும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வரை இறக்குங்கள். எல்இடி விளக்குகளால் படத்தில் குறுக்குக் கோடுகள் விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/125 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

1/125 வேகத்தில் படம் கலங்காதா? எப்போது அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொம்மைப் போர்வீரர்கள் வரிசையாக விறைத்து நடந்து வருவார்கள். அந்தக் காலைக் கவனியுங்கள். மேலே உயரும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், பிறகு இறங்கும். அந்தக் கணத்தில் காலில் அசைவே கிடையாது. துள்ளி ஆடும் ஜிஞ்சர்பிரெட் பொம்மைகளும் அப்படித்தான், குதிப்பின் உச்சியில் அழுத்த வேண்டும். இசையின் தாளத்தை இரண்டு சுற்று கேட்டால் அடுத்த உச்சி எப்போது வரும் என்று கைக்கே தெரிந்துவிடும்.

மெயின் ஸ்ட்ரீட்டில் செயற்கைப் பனியும் பொழியும். அது சோப்பு நுரை. லென்ஸுக்குக் கிட்டத்தில் மிதக்கும் நுரைத் துளிகள், அகலத் திறந்த அப்பர்ச்சரில் ஒளிவட்டங்களாக விரிந்து படத்துக்கே ஒரு களை தரும். அதே நுரை கண்ணாடியில் ஒட்டிவிட்டாலோ ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் மங்கல் படரும். துணி அதற்குத்தான். ஊர்திக்கும் ஊர்திக்கும் இடையில் துடைத்துக்கொள்ளுங்கள். சான்டா வருவது கடைசி ஊர்தியில், மெமரி கார்டில் அதற்கு இடம் இருக்கட்டும்.

படி 4: வாணவேடிக்கை தொடங்கும் முன்

இருட்டில் பட்டன் தேடாமல் இருக்க, முன்பே எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓ ஆட்டோவை விட்டு 100. அப்பர்ச்சர் எஃப் 11. ஷட்டர் 2 முதல் 4 நொடி. கோட்டையின் விளிம்பில் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள், அதன் பிறகு ஜூமைத் தொடாதீர்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைக்க வேண்டும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனும் (நீண்ட நேரம் எடுத்த படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி) வேண்டாம். அது இருந்தால் ஒரு படம் எடுத்ததும் அதே அளவு நேரம் கேமரா உங்களைக் காக்கவைக்கும், அதற்குள் நாலு வாணம் போய்விடும்.

கேமராவைச் செங்குத்தாக வைத்து, கோட்டையைக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். வாணம் நினைத்ததைவிட உயரமாகப் போகும்.

படி 5: வாணவேடிக்கை

வாணத்தின் பிரகாசத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான். தீப்பொறி ஓரிடத்தில் நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஒரு புள்ளியில் விழும் ஒளி அதிகமாகாது. ஷட்டர் நேரம் கூடினால் கூடுவது வாணங்களின் எண்ணிக்கையும் கோட்டையின் வெளிச்சமும். கோட்டை மீது வண்ணக் காட்சிகளைப் பாய்ச்சுவார்கள், கோட்டை வெளுத்தால் நேரத்தை 1 நொடிக்குக் குறையுங்கள். வாணம் வெளுத்தால் எஃப் 16க்குப் போங்கள்.

மேலே ஏறும் கோடு தெரிந்ததும் திறந்து, விரிந்து உதிர்ந்ததும் மூடுவது நல்ல பழக்கம். கேமராவைத் தொடாமல் ரிமோட்டால் இயக்கினால் உதறல் இருக்காது. ரிமோட் இல்லாதவர்கள் 2 நொடி டைமர் வைக்கலாம், ஆனால் கணத்தைப் பிடிப்பது கடினம்.

முதல் சில வாணங்களைத் தவறவிடாதீர்கள். அப்போது வானத்தில் புகை இல்லை. கோட்டையின் முகம் தெற்கு நோக்கியது, வாணம் அதற்குப் பின்னால் எழும். வடகாற்று அடிக்கும் குளிர் இரவுகளில் புகை நம் பக்கமே வரும். அப்படிப்பட்ட இரவில் தெருவின் கடைசிக்குப் பின்வாங்குவது உதவாது, ஆரம்பத்திலேயே நிறையப் படங்கள் எடுத்துக்கொள்வதுதான் வழி. கடைசிக் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வெடிக்கும், அதற்கு முன்பே ஷட்டர் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

ட்ரைபாட் இல்லையா? எஃப் 2.8, 1/30, ஐஎஸ்ஓ 800 வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி நில்லுங்கள். நீண்ட கோடுகள் கிடைக்காது, விரிந்த பூக்கள் கிடைக்கும்.

படி 6: செல்போன் மட்டும்தான் என்றால்

ஊர்வலத்துக்கு நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது பல நொடி ஒளியைச் சேர்ப்பதால் ஆட்கள் பேயாகக் கலங்குவார்கள். பிரகாசமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். வாணத்துக்கும் இதுவே போதும். ப்ரோ மோட் (எண்களை நாமே மாற்றும் முறை) இருக்கும் போன்களில், எங்காவது சாய்த்து வைக்க முடிந்தால், ஐஎஸ்ஓ 50, 1 நொடி முயன்று பாருங்கள்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

ரா கோப்பில் முதலில் ஹைலைட்ஸை (மிகப் பிரகாசமான பகுதிகளை) குறைத்து, பிறகு நிழலை மெல்ல உயர்த்துங்கள். ஊர்வலப் படங்களில் தோல் நிறம் நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கும். ஊர்தி விளக்கின் நிறமே அது, முழுதாகத் திருத்தப் போனால் படம் செத்துவிடும், பாதி திருத்தினால் போதும். வாணப் படங்களில் ட்ரைபாடை அசைக்காமல் எடுத்த இரண்டு மூன்றை லேயர்களாக அடுக்கி 'லைட்டன்' முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் பிரகாசமானதை மட்டும் எடுக்கும் முறை) கலந்தால், வெவ்வேறு நேரத்தில் வெடித்த வாணங்களை ஒரே படத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.