வேலூர் வெயிலில் போனில் படம் எடுக்க

கோட்டை அகழியைப் படம் எடுக்கப் பத்து மணிக்கு மேல் போகாதீர்கள். அதற்குள் வெயில் ஏறி, கருங்கல் மதில் வெளுத்துப்போயிருக்கும். காலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். காற்று எழும்பாத நேரம் என்பதால் மதிலின் நிழல் தண்ணீரில் கலையாமல் கிடக்கும். போனைத் தாழ்த்திப் பிடித்தால் அது இன்னும் நிறைவாக விழும்.

வானம் வெள்ளையாக வந்தால் திரையில் வானத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் வெளிச்சம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கூடவே சூரியன் குறி வந்தால் கொஞ்சம் கீழே இழுங்கள். இருட்டாக வந்ததைப் பிறகு ஓரளவு தூக்கிவிடலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

மார்க்கெட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது நம்ம இலவம்பாடி முள் கத்தரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பிலும் அதன் பச்சைத் தொப்பியிலும் நிற்கும் முள்தான் அதன் அழகு. நேர் வெளிச்சத்தில் அது தெரியாது, பக்கவாட்டில் வெயில் விழ வேண்டும். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்தாலோ காயெல்லாம் நீலம் பூத்துவிடும். கூடையின் வெளி ஓரத்தில் இருப்பதை எடுங்கள்.

"ஒரு படம் எடுத்துக்கட்டுமாக்கா?" என்று முதலில் கேளுங்கள். போன வாரம் ஒரு அக்கா, "இருப்பா" என்று சொல்லி, நல்ல காயாகப் பொறுக்கி மேலே அடுக்கிக் கொடுத்தார்.

எடுக்குமுன் லென்ஸை வேட்டி நுனியிலாவது ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.