வெல்டிங்கின் மேற்பரப்புக்கு அளவு வைப்பது எப்படி?

டிராயிங்கில் "வெல்டிங் நீட்டாக இருக்கணும்" என்று மட்டும் எழுதினால் சண்டை நிச்சயம். வெல்டர், இன்ஸ்பெக்டர், கஸ்டமர் மூவருக்கும் நீட் என்பது வேறு வேறு. எண்ணில் எழுதிய வரம்பும் மாதிரித் துண்டும் கையில் இருக்க வேண்டும்.

முதலில் குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். விரிசல், அண்டர்கட் (வெல்டு ஓரத்தில் தகடு அரித்து விழும் பள்ளம்), நிரம்பாத கிரேட்டர் (வெல்டு முடியும் இடத்துக் குழி), பின்ஹோல் (ஊசித் துளை), குறைந்த லெக் சைஸ் (மூலை வெல்டின் பக்க நீளம்) ஆகியவை ஜாயிண்ட்டின் பலத்தைத் தொடுபவை. இவற்றுக்குச் சொந்தமாக எண் கண்டுபிடிக்க வேண்டாம். வெல்டிங் குறைகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 5817-இல் பி, சி, டி என மூன்று தர நிலைகள் உண்டு. பி தான் கண்டிப்பானது. 6 மி.மீ. தகட்டில் அண்டர்கட் ஆழம் டி-யில் 1 மி.மீ., சி-யில் 0.5, பி-யில் 0.3 வரை போகலாம். 10 மி.மீ. அகல ஃபில்லெட்டின் (மூலையில் போடும் முக்கோண வெல்டு) புடைப்பு சி-யில் 2.5 மி.மீ. வரை. விரிசலுக்கு எந்த நிலையிலும் அனுமதி இல்லை. சாதாரண ஃபேப்ரிகேஷனுக்குப் பெரும்பாலும் சி போதும். எல்லாவற்றுக்கும் பி கேட்பது வீண் செலவு.

வெல்டின் மேல் அலை சீராக இல்லாதது, ஸ்பாட்டர் (தெறித்து ஒட்டிய உலோக உருண்டை), நிறம் ஆகியவை இரண்டாவது வகை. அடுத்து என்ன வேலை நடக்கிறது என்பதை வைத்து இதை முடிவு செய்யுங்கள். பவுடர் கோட்டிங் போகும் பாகத்தில் ஒட்டிய ஒரு ஸ்பாட்டர் உருண்டைகூடக் கோட்டிங்கில் துருத்தித் தெரியும். மூடிய பெட்டிக்குள் அதே உருண்டை யாருக்கும் தொல்லை இல்லை. அதனால் கண்ணில் படும் பக்கம், படாத பக்கம் என்று டிராயிங்கிலேயே குறித்துவிடுங்கள்.

மாதிரித் துண்டை அதே தகடு, அதே வயர், அதே பொசிஷனில் 150 மி.மீ. நீளத்துக்குப் போடுங்கள். கடையின் கைராசிக்காரரிடம் கொடுக்காதீர்கள். தினசரி லைனில் நிற்பவர் போடட்டும். நல்லது, கடைசியாக ஏற்கக்கூடியது, நிராகரிக்க வேண்டியது என மூன்று துண்டு. அண்டர்கட் வேண்டுமென்றால் ஆர்க்கை நீட்டி வேகமாக ஓட்டுங்கள். பின்ஹோலுக்கு கேஸைக் குறையுங்கள். ஒவ்வொன்றிலும் கேஜ் வைத்து அளந்த எண்ணை எழுதி, கஸ்டமர் கையெழுத்து வாங்கி, துரு ஏறாமல் கிளியர் லேக்கர் அடியுங்கள். போட்டோ மட்டும் போதாது. லைட் விழும் பக்கம் மாறினால் அண்டர்கட்டே மறைந்துவிடும்.

"நல்லது" துண்டோடு இன்னொன்றும் அதே செட்டிங்கில் போட்டு, குறுக்கே வெட்டி, பாலிஷ் செய்து நைட்டல் (நைட்ரிக் ஆசிட் கலந்த ஆல்கஹால்) தடவிப் பாருங்கள். குறைந்த வோல்டேஜ் மிக் வெல்டிங்கில் (கேஸ் மூட்டத்தில் வயர் ஊட்டும் முறை) பீட், அதாவது வெல்டு வரி, அழகாக இருந்தும் அடியில் தகட்டோடு உருகிச் சேராமல் போவது சகஜம். அதை மாதிரியாக வைத்தால் தப்பையே பாடமாக்கியதாகும்.

பார்க்கும் முறையையும் எழுதுங்கள். வெல்டைக் கண்ணால் சோதிப்பதற்கான தரநிலை ஐஎஸ்ஓ 17637 சொல்வது: குறைந்தது 350 லக்ஸ் வெளிச்சம், 500 இருந்தால் நல்லது, கண் 600 மி.மீ.க்குள், கோணம் 30 டிகிரிக்குக் குறையாமல். கசடு தட்டி வயர் பிரஷ் போட்ட பிறகு, பெயிண்டுக்கு முன் பாருங்கள். கிரைண்டிங் அதற்குப் பிறகுதான். முன்பே தேய்த்தால் இரும்பு இழுபட்டுப் பின்ஹோலை மூடிவிடும்.

அழகுக்காக வெல்டர் 6 மி.மீ. ஃபில்லெட்டை 8 ஆக்கினால் மெட்டல் ஏறக்குறைய 1.8 மடங்கு போகும், தகடும் கூடுதலாக வளையும். அதனால் மேல் வரம்பும் எழுதுங்கள். கனமான தகட்டில் சின்ன அண்டர்கட்டை நிரப்பப் பிரீஹீட் (முன்கூட்டியே தகட்டைச் சூடாக்குவது) இல்லாமல் குட்டி பீட் போடுவது இன்னும் மோசம்: சூடு சட்டென்று இறங்கி அந்த இடம் கெட்டியாகும், விரிசல் விடலாம். வரம்புக்குள் இருந்தால் அப்படியே விடச் சொல்லுங்கள்.